மறுகா

கல்முனையில் மருந்துக்கடைக்கு மேல் ஓர் அறை.
ஒரு கதிரை, ஒரு மின்விசிறி,
நூற்றுப் பன்னிரண்டு நெல் ஆலைகளின் பட்டியல்.
பெயருக்கு எதிரே இலக்கம்,
இலக்கத்துக்கு எதிரே 'முடிவு' என்றொரு கட்டம்.
அதில் 'ம' என்று எழுதுகிறேன்.
திங்கள் முழுக்க ம.
செவ்வாய் மத்தியானம் வரைக்கும் ம.

மறுகா எடுங்க.
மறுகா பார்ப்பம்.
முதலாளி தொழப் போயிட்டார், மறுகா.
ஓம் ஓம், மறுகா, மறுகா.
இந்தக் கரையில் ஒருவரும்
'வேண்டாம்' என்று சொல்லிக் கதவை அடைப்பதில்லை.
காற்று அடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கொழும்பிலிருந்து நிலந்த படிப்பித்தது:
போனில் மெசினை விற்காதே.
விலை கேட்டால் வழுக்கு.
நீ விற்பது இருபது நிமிசம், அவ்வளவுதான்.
'எப்ப வரலாம்' என்று கேளாதே,
'புதன் பத்தா, வியாழன் மூன்றா' என்று கேள்.
கேட்டேன்.
புதன் கலியாணவீடு, வியாழன் வயல்,
"வெள்ளி வாங்களன்" என்றார் ஒருவர்.
வெள்ளி ஆலை பூட்டு.

எழுபத்தெட்டாவது இலக்கம் சம்மாந்துறை,
உதுமாலெவ்வை ஹாஜியார்.
"நெல்லுக் காயவைக்கிற மெசினா?
எங்களுக்கு றோட்டு இரிக்கி புள்ள.
மறுகா..."
சொல்லி முடிக்குமுன்
அவர் குரலுக்குப் பின்னால் யாரோ ஓடினார்கள்.
படங்கு! படங்கு!
தகரத்தில் முதல் துளிகள்,
எண்ணிவிடலாம் போல.
என் சன்னலுக்கு மழை இன்னும் வந்துசேரவில்லை.

படித்ததெல்லாம் நாக்கில் வரிசையாக நின்றது.
நான் கேட்டது வேறு:
"எவ்வளவு நெல்லு வெளியில கிடக்கு?"

கொஞ்ச நேரம் மழைதான் கதைத்தது.
"அறுவது மூடை."

"நாளைக்கு ஈரம் பார்க்கிற மீற்றர் கொண்டு வாறன்.
மெசின் கதை இல்ல, ஹாஜியார்.
ஈரத்தைப் போனில பார்க்க ஏலாதே."

வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
"விடியவே வா. மத்தியானம் நான் இரிக்கமாட்டன்."

காரைதீவுச் சந்தியில் திரும்பி உள்ளே போனால்
பாதி றோட்டு நெல்.
மற்றப் பாதியில் நான் ஸ்கூட்டியை விட்டேன்,
எதிரே வந்த பஸ்சும் அதே பாதியில்.
ஒரு பொடியன்
வெறுங்காலால் நெல்லில் சால் விட்டுக்கொண்டு நடந்தான்,
எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்காமல்.

போனில் பெரிய உடம்புக்காரர்.
நேரில் மெலிந்த மனிதர், வலக்காதில் பஞ்சு.
"இந்தக் காது கேக்கா.
போன் பழக்கம் இந்தக் கைக்குத்தான்."
அப்படியென்றால்
என் எழுபத்தேழு ம-வில் எத்தனை பஞ்சு?

குவியலில் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.
"பத்தொம்பது."
மீற்றர் கொஞ்சம் யோசித்துவிட்டு
பதினெட்டுப் புள்ளி ஏழு என்றது.
"உன்ட மெசினுக்குப் பல்லு நல்லம்" என்றார்.

இஞ்சி போட்ட பிளேன்ரீ வந்தது.
மூன்று மிடறு வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை,
சூடு ஒரு காரணம்.
நாலாவதில் அவரே கதிரையை இழுத்து
நல்ல காதை என் பக்கம் திருப்பி
"மறுகா?" என்றார்.

இரண்டு நாளாய்க் கேட்டுத் தேய்ந்த சொல்.
கடைசி எழுத்தைச் சற்றே தூக்கினார்,
அது 'சொல்லு' என்று ஆகிவிட்டது.

சொன்னேன். விலையும் சொன்னேன்.
வாங்கவில்லை.
கணக்கெல்லாம் அவர் பெண்சாதிதான் பார்ப்பதாம்,
செவ்வாய் வந்தால் வீட்டில் இருப்பாவாம்.
அவவின் நம்பரைக் கேட்டேன்.
"போனில ஒண்ணா புள்ள, நேர வா."

திரும்பும்போது
சந்திக்கு முன்னால் வானம் கறுத்தது.
அதே பொடியன், தனியாக,
தன்னைவிட நீளமான படங்கை இழுத்துக்கொண்டிருந்தான்.
ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு
மறுமூலையை இரண்டு கையாலும் பிடித்தேன்.
பைக்குள்ளே போன்
அடித்துக்கொண்டே இருந்தது.